தாழ எடுத்த சுருதி

ஸ்காபரோ
2009 ஒக்ரோபர் 11

மதிப்புக்குரிய அலெக்ஸாண்டர் அண்ணைக்கு,

வேரோனிக்காவின் தம்பி நிக்சன் எழுதுகிறேன். நாங்கள் ஒருவரையொருவர் கண்டதில்லை. நான் பதின்மூன்று வயதில் அம்மாவுடன் இங்கே வந்தவன். ஆனால் வன்னியில் உங்கள் கோவில் ஜெனரேற்றரையும் ஒலிபெருக்கியையும் நீங்கள்தான் பார்த்துக்கொண்டீர்கள் என்று அக்கா அடிக்கடி சொல்லுவாள். எனக்கும் அதுதான் தொழில். மண்டபங்களுக்கு ஸ்பீக்கர் பூட்டுகிறேன், கச்சேரிகளை ஒலிப்பதிவு செய்கிறேன். ஒரே தொழில்காரர் என்பதால் சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன். குறை நினைக்க வேண்டாம்.

முகாமிலிருந்து விடுபட்டு, வவுனியாவில் தமக்கையார் வீட்டுக்கு வந்துவிட்டீர்கள் என்று கேட்டுச் சந்தோஷம். காலில் பாய்ந்து இருக்கிற செல் குண்டுத் துண்டை எடுக்க வேண்டாம் என்று டொக்டர் சொன்னாராம். இரண்டாவது டொக்டரிடமும் கேளுங்கள். இதைக் கொண்டு வருகிற பாலேஸ்வரி அன்ரி எங்கள் மேல்வீட்டுக்காரி. மருந்தும் உடுப்பும் கொடுத்து விட்டிருக்கிறேன். தபாலில் போட்டால் யாராவது திறந்து பார்ப்பார்கள் என்பதால்தான் கைக்கடிதம்.

இனி விஷயம். நீங்கள் முகாமில் இருந்த காலம் தொடங்கி அக்கா ஞாயிறு தவறாமல் உங்களுக்குத் தொலைபேசி எடுக்கிறாள். நீங்களும் தவறாமல், 'வருவார் தங்கச்சி, யோசியாதேங்கோ' என்கிறீர்கள். சூசைதாசன் அத்தானோடு கடைசிவரை நின்றவர் நீங்கள். அவர் உயிரோடு இருக்கிறாரா? ஓம் அல்லது இல்லை. தெரியாது என்றால் தெரியாது என்று எழுதுங்கள். மூன்றில் எதையும் நான் தாங்குவேன், அவளும் தாங்குவாள். தாங்க முடியாதது உந்த 'வருவார்' தான்.

ஏன் இவ்வளவு அவசரம் என்று கேட்பீர்கள். அதற்கு அவளுடைய பாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

2006 ஆடியில் அம்மாவின் சத்திரசிகிச்சைக்கு என்று இரண்டு மாத விசாவில் வந்தாள். அடுத்த மாதமே வன்னிக்குப் போகிற பாதை பூட்டுப்பட்டது. அத்தான் உள்ளே, இவள் வெளியே. அம்மாவும் மறுவருடம் போய்விட்டார். பகலில் பாண் தொழிற்சாலையில் வேலை. செவ்வாய் பின்னேரங்களில் நகரத்துக்குள் ஒரு கோவிலில் ஒத்திகை. நானூறு வருடத்துக்கு முந்திய லத்தீன் பாட்டுகளை, வாத்தியம் ஒன்றும் இல்லாமல், அந்தக் காலத்து முறையிலேயே பாடுகிற குழு அது. தலைவி இல்டிகோ என்ற ஹங்கேரிக்காரி. அக்காவின் குரலை ஒருதரம் கேட்டவுடன் சேர்த்துக்கொண்டாள். அத்தான் தன்னுடைய கோவில் பாடகர் குழுவில் பழக்கிய குரல், சும்மா இல்லைத்தானே.

இந்தச் சங்கீதத்தில் குரல் ஆடக் கூடாது. கமகம் இல்லை, நடுக்கம் இல்லை. அடிமட்டம் வைத்துக் கோடு கீறியதுபோல நேரே நிற்க வேண்டும். நல்ல பாடகர்களுக்கே இது கஷ்டம். அக்காவுக்கும் முந்தி கொஞ்சம் ஆடும். மே மாதம் தொடங்கி ஆடவேயில்லை.

மே பத்தாம் திகதி, போரை நிற்பாட்டச் சொல்லி எங்கள் சனம் பெருந்தெருவை மறித்து ஏறி நின்ற நாள். நான் அங்கே நின்றேன். அக்காவுக்கு அன்று பின்னேரம் கச்சேரி. பல நாட்களாக ஊர்வலங்களில் நின்று வீங்கின காலோடு கறுப்புக் கச்சேரிச் சட்டையைப் போட்டுக்கொண்டு போய்ப் பாடிவிட்டு வந்தாள். இல்டிகோ என்னைப் பிடித்து, இவ்வளவு தூய்மையான குரலைத் தான் இருபது வருடத்தில் கேட்கவில்லை என்று கண் கலங்கிச் சொன்னாள். எனக்குப் பயமாக இருந்தது. ஒலிப்பதிவைப் போட்டு அளந்து பார்த்தேன். உயிருள்ள ஒருவருடைய தொண்டையிலிருந்து வந்த சத்தத்தில் கொஞ்சமாவது அசைவு இருக்கும். அதில் இல்லை.

அவள் இன்னும் அழவில்லை அண்ணை. அழுதால் அவர் செத்துப்போனார் என்று தான் ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று நினைக்கிறாள். கோவிலில் செத்தவர்களுக்கு வைக்கிற திருப்பலிக்கு அவர் பெயரைக் கொடுக்கவில்லை. கறுப்புக் கச்சேரிச் சட்டையை வீட்டுக்குள் கொண்டுவர மாட்டாள், என் வானுக்குள் தொங்குகிறது. நவம்பரில் குழு இறந்தவர்களுக்கான பழைய திருப்பலிப் பாடலை முழுதாகப் பாடப்போகிறது. வருகிறவர்கள் தங்கள் வீட்டில் இறந்தவர்களின் பெயரைத் துண்டில் எழுதிக் கூடையில் போடுவது அங்கே வழக்கம். இல்டிகோ அக்காவிடம் கேட்டாளாம். தனக்கு அம்மா மட்டும்தான் என்றாளாம் இவள்.

வீட்டில் இந்தப் பாட்டைப் படித்துப் பழகுகிறாள். மேல்வீட்டுச் சிவபாதம் அங்கிள் படியில் நின்று, 'உந்தப் பிள்ளை என்ன பாசையிலை படிக்கிறா, செத்தவீடு மாதிரிக் கிடக்கு' என்றார். செத்தவீட்டுப் பாட்டுத்தான் அங்கிள் என்றேன். 'எங்கட வீட்டுக்குக் கீழ வேண்டாமடா தம்பி' என்றார். பிறகு அவரே மனம் கேட்காமல் ஒரு சட்டி ஒடியல் கூழ் கொண்டுவந்து தந்தார்.

உண்மை தெரிந்தால் நான் ஒரு மணித்தியாலத்தில் அவளுக்குச் சொல்லிவிடுவேன். உங்களுக்கு வாய் வராவிட்டால் எனக்கு எழுதுங்கள். எனக்கு வரும்.

பதிலுக்குக் காத்திருக்கும்,
நிக்சன்


ஸ்காபரோ
2009 நவம்பர் 15

அன்புள்ள அண்ணைக்கு,

பாலேஸ்வரி அன்ரி பொதியைத் தந்துவிட்டதாகவும் நீங்கள் கடிதத்தை வாங்கிச் சட்டைப் பைக்குள் வைத்ததாகவும் சொன்னார். வாசித்தீர்களா என்று தெரியாது. இது பாட்டு விஷயம், யார் திறந்து பார்த்தாலும் ஒன்றும் விளங்காது. தபாலிலேயே போடுகிறேன்.

போன சனிக்கிழமை கச்சேரி முடிந்தது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நீங்கள் தொழில்காரர் என்றபடியால் உங்களுக்குத்தான் எழுதலாம். இங்கே யாரிடமும் சொன்னால் எனக்கு விசர் என்பார்கள்.

அந்தத் திருப்பலிப் பாடலில் முதல் வரியை ஒருவர் தனியே எடுத்துக் கொடுக்க வேண்டும். பிறகுதான் மற்றவர்கள் சேருவார்கள். வாத்தியம் இல்லாதபடியால் அந்த ஒருவர் எங்கே எடுக்கிறாரோ அங்கேதான் முழுப் பாட்டும் நிற்கும். கூட்டி எடுத்தால் மேற்குரல்காரர் கத்த வேண்டும், குறைத்து எடுத்தால் கீழ்க்குரல்காரர் முனக வேண்டும். அதனால் இல்டிகோ சுருதிக் கவையைத் தட்டிக் காதில் வைத்து, எடுக்கிறவருக்கு மெல்ல முனகிக் காட்டுவாள். எடுத்துக் கொடுக்கிற வேலையை அக்காவிடம் கொடுத்திருந்தாள். ஒத்திகையில் ஒருநாளும் பிசகவில்லை.

சனிக்கிழமை கோவில் நிறையச் சனம். கூடையை முன்னால் வைத்தார்கள். விளக்கைக் குறைத்தார்கள். இல்டிகோ கவையைத் தட்டி முனகினாள், அக்கா தலையாட்டினாள். எடுக்கவில்லை. சனம் இருமி முடித்துக் கோவில் அடங்கிப்போன பிறகும் எடுக்கவில்லை. இல்டிகோ திரும்பவும் தட்டக் கையைத் தூக்கினாள். அப்போது அக்கா எடுத்தாள். ஒரு முழுச் சுரம் கீழே. அதற்கும் கொஞ்சம் குறைவாக.

நான் பின்னால் ஹெட்போனோடு இருந்தேன். இல்டிகோவின் தூக்கின கை அப்படியே நின்றது. கீழ்க்குரலில் நிற்கிற ஒரு கிழவர் அக்காவைத் திரும்பிப் பார்த்தார். வேறு வழியில்லை, எல்லோரும் அவளுக்குப் பின்னால் இறங்கினார்கள். முடியும் மட்டும் அங்கேயே நின்று பாடினார்கள். கீழ்க்குரல்கள் கிணற்றுக்குள் கல் உருட்டுவதுபோல இருந்தன. அதில் ஒரு பயம் இருந்தது. பாட்டு நின்ற பிறகு சனம் கை தட்ட மறந்துபோய் இருந்தது. வெளியே போகும்போது ஒரு வெள்ளைக்காரப் பெண் தன் புருசனிடம், இதை இப்படித்தான் அந்தக் காலத்தில் பாடியிருப்பார்கள் என்று சொல்லிக்கொண்டு போனாள். இல்டிகோ சால்வையை எடுத்துப் போர்த்துக்கொண்டு போனாள்.

வானுக்குள் ஏறினவுடன் கேட்டேன், என்ன அக்கா நடந்தது என்று. கொஞ்சம் கோபமாகத்தான் கேட்டேன். 'என்ன நடந்தது? அவர் சுருதி தந்தவர். தந்ததைத்தான் எடுத்தனான்' என்றாள். சுருதி தந்தது இல்டிகோ என்றேன். 'அவவும் தந்தவ. பிறகு அவர் தந்தவர்' என்றாள். உனக்கு விசரே என்று கேட்டேன். அவள் கோபிக்கவில்லை. அண்ணை, அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. சந்தோஷமாக இருந்தாள். ஷெப்பர்ட் வீதிச் சந்தியில் சிவப்பு விளக்குக்கு நிற்கும்போது, 'உனக்குத் தெரியாது, எங்கட ஆர்மோனியம் இடம்பெயர்வில போன பிறகு அவர் அம்பிளிபயர் இரைச்சலிலதான் சுருதி எடுத்துத் தாறவர். அலெக்ஸாண்டர் அண்ணை ஜெனரேற்றரை ஸ்ரார்ட் பண்ணினவுடன கண்ணை மூடிக்கொண்டு நிப்பார். பிறகு ம்ம் எண்டு தருவார்' என்றாள்.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. விளங்கிவிட்டது என்று நினைத்தேன். அம்பிளிபயர் எங்கேயும் இரையும். என்னுடைய வயரில் ஏதோ பிழை, ஸ்பீக்கர் இரைந்திருக்கிறது, அந்த இரைச்சலை அவள் பிடித்திருக்கிறாள். என் பிழை, அவ்வளவுதான். அடுத்த நாளே ஒலிப்பதிவைத் திறந்து, அவள் எடுப்பதற்கு முன் இருக்கிற அந்த அமைதியைப் பெருப்பித்துப் பார்த்தேன்.

இரைச்சல் இருக்கிறது. ஆனால் உங்களுக்குத் தெரியும், இந்த நாட்டுக் கரண்ட் செக்கனுக்கு அறுபது அதிர்வில் ஓடுகிறது, எங்கள் நாட்டில் ஐம்பதில். இங்கே எது இரைந்தாலும் அறுபதில் இரையும், இல்லையென்றால் அதன் மடங்கில். ஒலிப்பதிவில் இருப்பது அறுபது இல்லை.

நான் சும்மா விடவில்லை. திங்கட்கிழமை வேலைக்கு லீவு போட்டுவிட்டுக் கோவிலுக்குப் போனேன். அதே இடத்தில் அதே மைக்குகளை வைத்தேன். சூடாக்கியை நிற்பாட்டினேன், போட்டேன். ஓர்கன் மோட்டாரைப் போட்டேன். கீழே சப்வே ஓடுகிற நேரம் பதிந்தேன். கோவிலைப் பார்க்கிற ஆள் என்னைப் பைத்தியம் என்று நினைத்து, பூட்ட வேண்டும் என்று திறப்பை ஆட்டிக்கொண்டு நின்றான். ஒன்றிலும் அந்தச் சத்தம் வரவில்லை. சனிக்கிழமைப் பதிவிலும் அந்த அமைதிக்குள் மட்டும்தான் இருக்கிறது. கச்சேரி முடிந்து எல்லோரும் அடங்கின பிறகு இருக்கிற அமைதியில் இல்லை.

நான் பேய் பிசாசு நம்புகிற ஆள் இல்லை. இதை வைத்துக் கதை கட்டவும் மாட்டேன். ஒரு கேள்விதான் கேட்கிறேன். உங்கள் ஜெனரேற்றர் எத்தனையில் ஓடியது? என்னிடம் இருக்கிற எண்ணை எழுதவில்லை. நீங்கள் முதலில் எழுதுங்கள்.

அத்தோடு, முதல் கடிதத்தில் கேட்டதற்கும் பதில் எழுதுங்கள். அவள் இப்போது கண்ணை மூடிக்கொண்டு ஃபிரிஜ்ஜுக்குப் பக்கத்தில் நிற்கிறாள் அண்ணை. ஏதாவது இரைகிற இடமெல்லாம் போய் நிற்கிறாள். இதற்கு மேல் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

இப்படிக்கு,
நிக்சன்


ஸ்காபரோ
2010 ஜனவரி 24

அன்புள்ள அலெக்ஸாண்டர் அண்ணைக்கு,

உங்கள் கடிதம் தைப்பொங்கலுக்கு முதல் வந்தது. அஜின்கோர்ட்டில் ஒரு பிளாசாவுக்கு முன்னால் வானை நிற்பாட்டி வைத்து வாசித்தேன். எழுதியதற்கு நன்றி. எழுத நீங்கள் என்ன பாடு பட்டிருப்பீர்கள் என்று இப்போது ஓரளவு தெரிகிறது.

சின்ன விஷயத்தை முதலில் முடிக்கிறேன். மண்ணெண்ணெயில் ஓடின ஜெனரேற்றர் ஒருநாளும் ஐம்பதைத் தொட்டதில்லை, மீற்றர் முள் நாற்பத்தெட்டிலேயே நிற்கும் என்று எழுதியிருந்தீர்கள். என்னிடம் இருந்த எண்ணும் அதுதான். அதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு ஒன்றும் இல்லை. அந்தப் பதிவை அழிக்கவும் இல்லை, திரும்பக் கேட்கவும் இல்லை.

ஒரு மணித்தியாலத்தில் சொல்லுவேன் என்று வாய்வீரம் எழுதினேன் அல்லவா? ஒரு கிழமைக்கு மேல் அந்தக் கடிதத்தை வானுக்குள் வைத்துக்கொண்டு திரிந்தேன். அவளைப் பாண் தொழிற்சாலையில் இறக்கினேன், ஏற்றினேன். சொல்லவில்லை. ஒவ்வொரு நாளும், இன்றைக்கு அவள் களைத்திருக்கிறாள் என்று ஒரு சாட்டு. உங்களைத் திட்டினதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். ஏழு மாதமாக ஒவ்வொரு ஞாயிறும் அவளுடைய குரலைக் கேட்டுக்கொண்டு நீங்கள் எப்படி நின்றீர்களோ.

போன ஞாயிறு சொன்னேன். பூசையால் வந்து அவள் வெங்காயம் வெட்டிக்கொண்டு இருந்தாள். உங்கள் கடிதம் வந்திருக்கிறது என்றேன், வாசித்துக் காட்டச் சொன்னாள். வாசித்தேன். சித்திரையில் வலைஞர்மடத்துக்கும் கடலுக்கும் நடுவில், அத்தான் தண்ணீர் எடுக்கப் போன இடத்தில் செல் விழுந்தது என்று. நோகவில்லை, உடனே என்று. நீங்கள்தான் தூக்கி வந்தீர்கள், நீங்களும் இன்னும் இரண்டு பேரும் குழி வெட்டினீர்கள், தறப்பாளில் சுற்றினீர்கள் என்று. அவருடைய செபமாலை உங்களிடம் இருக்கிறது என்று.

ஒரு இடத்தை நான் வாசிக்கவில்லை. 'மூடி முடிக்கும் மட்டும் ஒருவரும் வாய் திறக்கவில்லை, அடுத்தது எங்கே விழும் என்று காது கொடுத்துக்கொண்டு நின்றோம்' என்று எழுதியிருந்தீர்கள். கண் அந்த வரிக்கு வந்ததும் தாண்டிப்போய்விட்டது. அதற்குப் பிறகு கடிதத்தை மடித்து என் பொக்கற்றுக்குள் வைத்தேன். தா, நானே பார்க்கிறேன் என்று அவள் கேட்கவில்லை.

வெங்காயத்தை வெட்டி முடித்தாள். அடுப்பை நிற்பாட்டினாள். பிறகு வானுக்குள் போய்த் தன் கறுப்புச் சட்டையை எடுத்துக்கொண்டு வந்து அலுமாரிக்குள் கொழுவினாள். வந்து கதிரையில் இருந்து, ஒரேயொரு கேள்வி கேட்டாள். 'அவரை மூடேக்க ஆராவது பாட்டுப் படிச்சவையே?'

அவர் எத்தனை செத்தவீட்டுக்குப் படித்தவர் அண்ணை. இரவு பகல் பாராமல், மழைக்குள்ளும் பங்கருக்குள்ளும், யார் வீட்டுப் பிணம் என்று கேளாமல் போய் எடுத்துக் கொடுத்தவர் என்று அவளே சொல்லுவாள். சும்மா கேட்கவில்லை அவள்.

கடிதத்தில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை, அண்ணையைத்தான் கேட்க வேண்டும் என்றேன். அப்போதுதான் அழுதாள். மேலே சிவபாதம் அங்கிள் ரீவியை நிற்பாட்டிவிட்டார். பாலேஸ்வரி அன்ரி இறங்கி வந்து அவளைப் பிடித்துக்கொண்டார். செவ்வாய்க்கிழமை ஒத்திகைக்குப் போனாள். குரல் ஆடுகிறது. நேரே நிற்கவில்லை. இல்டிகோ அவளைப் பின்வரிசையில் விட்டிருக்கிறாள், கொஞ்ச நாளைக்கு. அன்று கச்சேரியில் என்ன நடந்தது என்று இல்டிகோவுக்கு நான் சொன்னேன், முழுவதும் அல்ல. அக்காவைக் கட்டிப்பிடித்தாள்.

இனி நான் உங்களிடம் கேட்கப்போவது. அக்கா உங்களுக்கு உடனே தொலைபேசி எடுக்கப் போனாள். வவுனியாவில் லைன் பழுது, கோபுரம் விழுந்துவிட்டது, திருத்த இரண்டு மூன்று கிழமையாவது செல்லும் என்று சொல்லி வைத்திருக்கிறேன். கோபுரம் ஏன் விழுந்தது என்று கேட்டாள். யானை என்றேன். பொய் சொல்லுவது எனக்குப் பழக்கமில்லாத வேலை. இந்தக் கடிதம் கைக்கு வந்த அடுத்த ஞாயிறு, அவள் எடுக்கும் முன் நீங்களே ஒரு மிஸ்ட் கோல் கொடுங்கள். அவள் எடுப்பாள். நான் பக்கத்தில் இருக்க மாட்டேன்.

அவள் அதைத்தான் கேட்பாள். ஆராவது படித்தார்களா என்று. ஓம் அல்லது இல்லை என்று எழுதுங்கள் என்று உங்களை நெருக்கினவன் நான்தான். இப்போது நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அவள் ஒரு பாடகி, ஒரு கேள்வியோடு நிற்பாட்ட மாட்டாள். எந்தப் பாட்டு என்று கேட்பாள். ஆர் எடுத்துக் கொடுத்தது, எத்தனை சரணம் படித்தீர்கள், மெல்லவா உரத்தா என்று கேட்பாள். உங்களுக்குப் பாட வராது என்று அவளுக்குத் தெரியும், அதனால் மற்ற இரண்டு பேரில் ஒருவர் எடுத்ததாக இருந்தால் நல்லது. ஞாயிறு வருவதற்கு முன் இருந்து யோசித்து வைத்துக்கொள்ளுங்கள். சொல்லுகிறதை ஒருதரம் சொன்னபடியே மறுதரமும் சொல்லுங்கள், அவள் திரும்பத் திரும்பக் கேட்பாள்.

நான் ஒருநாளும் உங்களிடம் கேட்கவும் மாட்டேன், சரிபார்க்கவும் மாட்டேன்.

அவரைத் தூக்கின கைக்கும், மண் போட்ட கைக்கும் ஒரு குறையும் வரக் கூடாது. கால் சுகப்பட வேண்டும். செபமாலையை உங்களிடமே வைத்திருங்கள், அக்கா அப்படித்தான் சொல்லச் சொன்னாள்.

உங்கள் தம்பி,
நிக்சன்